மூலிகைப் பொடி போட்டால் ஓடு கெட்டியாகுமா, கரு நிறம் ஏறுமா? (லேயர் பண்ணை, பரமத்தி வேலூர்)

பரமத்திக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பரமத்தி வேலூர் பக்கம் 12,000 லேயர் (முட்டைக் கோழி) ஓடுகிறது. பிவி 300 ரகம், இப்போது 58 வார வயது. இரண்டு தொந்தரவு.

ஒன்று, பங்குனி கடைசியிலிருந்து கீறல் முட்டை கூடிவிட்டது. முன்பு மூன்று ட்ரே அடுக்கினாலும் ஒரு கீறல் முட்டை இருப்பது அபூர்வம். இப்போது ட்ரேவுக்கு ஒன்று நிச்சயம், சில நாள் இரண்டு. காலையில் ஷெட்டுக்குள் நடந்தால் கூண்டுக்கு அடியில் தோல் முட்டையும் கிடக்கிறது. இரண்டாவது, மஞ்சள் கரு வெளுத்துப் போச்சு. வழக்கமாக எடுக்கும் வியாபாரி ஒரு முட்டையை உடைத்துக் காட்டி, "எலுமிச்சம்பழத் தோல்கூட இதைவிட மஞ்சளா இருக்கும்" என்று சொல்லி விலையில் கை வைக்கிறார்.

போன வாரம் ஒரு கம்பெனி ஆள் வந்தார். முருங்கை, மஞ்சள், கீழாநெல்லி, வெந்தயம், பிரண்டை எல்லாம் சேர்ந்த பொடி. டன்னுக்கு 1 கிலோ, கிலோ 350 ரூபாய். பத்து நாளில் ஓடு கெட்டியாகும், கரு ஆரஞ்சு ஆகும், வெள்ளைக் கரு தட்டில் நிமிர்ந்து நிற்கும், கொலஸ்ட்ராலும் குறையும் என்கிறார். யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

காவேரிக்கரை:
தம்பி, பொடி கொஞ்ச நேரம் மூட்டையிலேயே கிடக்கட்டும். முதலில் இதைச் சொல். மக்காச்சோளம் டன்னுக்கு எத்தனை கிலோ? நொய்யோ கம்போ கலந்தாயா? சுண்ணாம்புக் கல் மாவா, குருணையா? கடைசித் தீவனம் எத்தனை மணிக்கு?

பரமத்திக்காரன்:
அண்ணா, சோளம் விலை ஏறினதும் மாசியில் 550 கிலோவை 300 ஆக்கினேன். மீதிக்கு நொய். கல் முழுக்க மாவுதான். தீவனம் காலை 6, மதியம் 2. முன்பு கோழிக்கு 108 கிராம் தின்றது, இப்போது வெயிலில் 95 தாண்டுவதில்லை.

காவேரிக்கரை:
வியாதியையும் காரணத்தையும் நீயே எழுதிவிட்டாய். மீதியைத் 'தீவனக்கணக்கு' வந்து சொல்லட்டும், எனக்குக் கணக்கு வராது.

முட்டைக்கடை (கோவை):
ஹாஹா. 550க்கு 300. கரு வெளுக்காமல் என்ன செய்யும்.

தீவனக்கணக்கு:
கூப்பிட்டதால் வந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓடு. ஒரு முட்டை ஓடு 5 முதல் 6 கிராம் எடை. அதில் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். சுத்தக் கால்சியமாகக் கணக்கிட்டால் முட்டைக்குச் சுமார் 2.1 கிராம். உங்கள் தீவனத்தில் 4 சதவீதம் கால்சியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 108 கிராம் தின்றபோது 4.3 கிராம் உள்ளே போனது. அதில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் ஒட்டும், ஆகச் சரியாக 2.1. இப்போது 95 கிராம்தான் தின்கிறது, 3.8 உள்ளே போய் 1.9 ஒட்டுகிறது. பாக்கியைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. 58 வாரக் கோழி எத்தனை நாள் அப்படிக் கொடுக்கும்? போதாததற்கு வயதாக ஆக முட்டை பெரிதாகிக்கொண்டே போகும், ஓட்டுக்குக் கிடைக்கும் சுண்ணாம்போ அதே அளவுதான். அதே மாவைப் பெரிய தோசையாக இழுத்த கதை.

இப்போது அந்தப் பொடியைப் பாருங்கள். டன்னுக்கு 1 கிலோ என்றால் ஒரு கோழிக்கு நாளைக்கு 95 மில்லிகிராம். கால்சியம் நிறைய உள்ள இலை என்று பெயர் வாங்கியது முருங்கை. காய்ந்த முருங்கை இலைப் பொடியில் 100 கிராமுக்கு 2 கிராம் அளவு கால்சியம் உண்டு. அந்த 95 மில்லிகிராமும் முருங்கையே என்று வைத்துக்கொண்டாலும் கோழிக்குக் கிடைப்பது 1.9 மில்லிகிராம். தேவை 2,100 மில்லிகிராம். ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. வேறு ஏதாவது வழியில் அது வேலை செய்கிறது என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். முருங்கைக் கால்சியத்தால் ஓடு கெட்டியாகும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கரு நிறம் வேறு கதை. கருவை மஞ்சளாக்கும் நிறமிக்குச் சாந்தோஃபில் என்று பெயர். கோழியால் அதைத் தானே செய்துகொள்ள முடியாது, தின்றதில் இருந்துதான் வர வேண்டும். மஞ்சள் மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவு இருக்கும். 550 கிலோவில் 11 கிராம் வந்தது, 300 கிலோவில் 6 கிராம்தான். நொய்யில் பூஜ்யம். நீங்கள் சோளத்தைக் குறைத்தபோது டன்னுக்கு 5 கிராம் நிறமியையும் சேர்த்தே குறைத்துவிட்டீர்கள். சோளம் பழசு என்றால் இன்னும் குறைவு, கிடங்கில் இருக்க இருக்க நிறமி அழியும்.

அந்த 5 கிராமை அடைக்கச் செண்டுமல்லி போதும். நன்றாக உலர்த்திய இதழில் கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் வரை சாந்தோஃபில் இருக்கும். உடம்பில் சேருவது சோளத்தைவிடக் கொஞ்சம் மட்டம், அதனால் டன்னுக்கு 1 கிலோவுக்கு மேலேயே போடுங்கள். மூலிகை என்றே சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை.

இயற்கைவழி:
எல்லாவற்றையும் மில்லிகிராமில் அளந்தால் எப்படி? கீழாநெல்லி ஈரலுக்கு நல்லது என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஈரல் நன்றாக இருந்தால் கரு நன்றாக இருக்கும். மஞ்சள் குடலைச் சுத்தம் செய்யும். குடல் சுத்தமானால் தின்ற கால்சியம் முழுதாக ஒட்டும். பொடியில் கால்சியம் எவ்வளவு என்று பார்ப்பது சைக்கிள் செயினுக்கு விட்ட எண்ணெயில் எத்தனை கிலோமீட்டர் இருக்கிறது என்று தேடுவது போல.

தீவனக்கணக்கு:
நல்ல உவமை, ரசித்தேன். கருவில் உள்ள கொழுப்பெல்லாம் ஈரலில்தான் தயாராகிறது, அது உண்மை. கூண்டில் வளரும் லேயருக்கு வெயில் காலத்தில் ஈரலில் கொழுப்பு கட்டி, ஈரல் கிழிந்து சாவதும் உண்டு. ஆனால் பரமத்திக்காரரின் செயினே அறுந்து கிடக்கிறது. முதலில் செயினை மாட்டுவோம், எண்ணெய் அப்புறம்.

கால்நடை மாணவி:
நான் கடைசி ஆண்டு. வகுப்பில் படித்ததும் பண்ணைகளில் பார்த்ததும் சேர்த்து எழுதுகிறேன், தவறு இருந்தால் மூத்தவர்கள் திருத்தவும்.

மஞ்சள் தூளால் மஞ்சள் கரு நிறம் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். மஞ்சளில் நிறம் தருவது கர்குமின். அது குடலில் உறிஞ்சப்படுவதே மிகக் குறைவு. கேரட்டும் அப்படித்தான். அதிலுள்ள பீட்டா கரோட்டினைக் கோழி பெரும்பாலும் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், கருவுக்குப் போவது சொற்பம். கருவில் படிவது லூட்டீன், சியாசாந்தின் போன்ற சாந்தோஃபில்கள். இவை சோளம், செண்டுமல்லி, குதிரைமசால், முருங்கை, அகத்தி இலைகளில் உண்டு. ஆரஞ்சு வேண்டுமானால் சிவப்பு நிறமியும் கொஞ்சம் வேண்டும். அதற்கு மிளகாய், அதிலும் பியாடகி மாதிரி நிறம் அதிகம், காரம் குறைவு உள்ள ரகம். கோழிக்கு உறைக்குமே என்று பயப்பட வேண்டாம். மிளகாய்க் காரம் பறவைகளுக்குத் தெரியாது, நம் நரம்பில் அதை உணரும் இடம் அவற்றுக்கு வேறு மாதிரி அமைந்திருக்கிறது.

காலக் கணக்கும் பாருங்கள். ஒரு கரு வேகமாக வளர்வது கடைசி 10 நாளில், வெங்காயம் மாதிரி அடுக்கு அடுக்காக. நிறமி போட்டால் மூன்றாம் நான்காம் நாள் மாற்றம் தெரியத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு நாளில் நிலைக்கும். "பத்து நாளில் நிறம்" என்று அந்த ஆள் சொன்னது நிறமி உள்ள எதற்கும் பொருந்தும்.

ஓட்டுக்கு வெயில்தான் பெரிய எதிரி. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் கோழி கரியமில வாயுவை நிறைய வெளியே விட்டுவிடும். இரத்தத்தில் பைகார்பனேட் குறையும். ஓடு கால்சியம் கார்பனேட் அல்லவா, அதில் கார்பனேட் பங்கு அங்கிருந்துதான் வர வேண்டும். எனவே எத்தனை கல் கொட்டினாலும் சித்திரை வெயிலில் ஓடு மெலியும். தீவனத்தில் உப்பின் ஒரு பங்குக்குப் பதில் சோடா உப்பு சேர்ப்பது இதற்காகத்தான். அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பிரண்டை பற்றி: எலும்பு ஒட்டும் என்பது நம் மரபு. ஆனால் ஓடு எலும்பு இல்லையே.

இயற்கைவழி:
ஓட்டுக்கான சுண்ணாம்பில் பாதி எலும்பிலிருந்துதானே வருகிறது? இப்போதுதான் மேலே எழுதினார்கள்.

கால்நடை மாணவி:
பாதி என்று யாரும் எழுதவில்லை, ஆனால் கேள்வி நியாயம். இரவில் குடலில் கால்சியம் தீர்ந்ததும் எலும்பின் உள்பகுதியிலிருந்து எடுக்கும். அங்கே பிரண்டை ஏதாவது செய்யுமா என்றால், டன்னுக்கு 1 கிலோ கலவையில் ஐந்தில் ஒரு பங்காக வரும் பிரண்டையை வைத்துக்கொண்டு நான் ஆம் என்று சொல்ல மாட்டேன்.

காவேரிக்கரை:
அதற்குத்தான் கடைசித் தீவன நேரம் கேட்டேன். ஓடு கட்டுவது ராத்திரியில். கிட்டத்தட்ட 20 மணி நேர வேலை, அதில் கனமான பங்கு விளக்கு அணைந்த பிறகு. கல்லை மாவாகப் போட்டால் ரெண்டு மூணு மணி நேரத்தில் குடலைத் தாண்டிவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணையாகப் போட்டால் இரைப்பையில் கிடந்து ராத்திரி பூரா கரையும். பாதிக்கு மேல் குருணையாக்கு. மதியம் 2 மணிக்கு வெயில் உச்சியில் தீவனம் கொட்டினால் எந்தக் கோழி தின்னும்? அதை 5 மணிக்குத் தள்ளு. ரொம்ப வெயில் என்றால் நடுராத்திரி ஒரு மணி நேரம் விளக்குப் போட்டு விடு, எழுந்து தின்று தண்ணீர் குடிக்கும். இதற்கெல்லாம் 350 ரூபாய் வேண்டியதில்லை.

முட்டைக்கடை (கோவை):
வெள்ளைக் கரு பற்றி நான் சொல்கிறேன், கடையில் உட்கார்ந்து தினமும் பார்ப்பவன்.

எங்கள் ஏரியாவில் 'மூலிகை முட்டை' என்று ஆறு முட்டை அட்டைப்பெட்டி இரண்டு பங்கு விலைக்குப் போகிறது. ஒரு வாடிக்கையாளர், "இது உடைத்தால் தண்ணீயா ஓடுது, உன் சாதா முட்டை நிமிர்ந்து நிக்குது, ஏன்?" என்று சண்டைக்கு வந்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், அடைத்துப் பன்னிரண்டு நாள். என் ட்ரே முந்தாநாள் நாமக்கல்லில் ஏற்றியது. மூலிகை என்ன செய்யும், வெயிலில் பன்னிரண்டு நாள் வைத்தால்?

தீவனக்கணக்கு:
மிகச் சரி. அதை அளக்க ஒரு கணக்கு உண்டு, ஹாவ் யூனிட். 1937இல் ரேமண்ட் ஹாவ் கொடுத்தது. முட்டையைக் கண்ணாடி மேல் உடைத்து, கெட்டி வெள்ளையின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து, முட்டை எடையோடு சேர்த்துக் கணக்கிடுவது. 55 கிராம் முட்டையில் உயரம் 7 மி.மீ. என்றால் 85 வரும், 4 மி.மீ. என்றால் 61. அமெரிக்கத் தரப்பிரிப்பில் 72க்கு மேல் இருந்தால்தான் முதல் தரம். முட்டை இட்ட நிமிடத்திலிருந்து ஓட்டுத் துளை வழியாகக் கரியமில வாயு போய்க்கொண்டே இருக்கும், வெள்ளையில் காரத்தன்மை ஏறும், கெட்டி வெள்ளை இளகும். சூடு இருந்தால் வேகமாக. அதனால் ஹாவ் யூனிட்டைத் தீவனத்தைவிட நாளும் சூடும் கோழியின் வயதும்தான் அதிகம் ஆட்டிவைக்கும்.

புத்தம்புது முட்டையே தண்ணீராக இருந்தால் மட்டும் வேறு காரணம் தேடுங்கள். ஐபி (கோழிகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ்) நோய் வந்து போன பேட்சில் அப்படி வரும், ஓடும் சுருக்கம் விழும். தீவனத்தில் சேர்க்கும் பாஸ்பேட்டில் வனேடியம் என்ற உலோகம் கலந்திருந்தாலும் வரும். அதையெல்லாம் எந்த இலையும் சரி செய்யாது.

சிவகங்கை சீமை:
நான் பண்ணைக்காரி இல்லை, வீட்டில் அறுபது நாட்டுக்கோழி. காலையில் திறந்து விட்டால் பொழுது சாயத்தான் வரும். அகத்தி, முருங்கைக் கழிவு, தானாக முளைக்கும் பருப்புக்கீரை (எங்கள் பக்கம் கோழிக்கீரை என்போம்) எல்லாம் தின்னும். கரு செக்கச்செவேல் என்று இருக்கும். அதைப் பார்த்து ஊரே "மருந்து முட்டை" என்று வாங்கிப் போகிறது. நான் ஒன்றும் போடுவதில்லை, அதுவே தின்பதுதான்.

ஒரு தப்பும் செய்தேன், சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கழிச்சலுக்குச் சீரகம், மிளகு, மஞ்சள், வெங்காயம், பூண்டு, கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பதைப் பழகினேன். நன்றாகத்தான் தின்றது. அந்த தைரியத்தில் ஒரு வருஷம் தடுப்பூசி போடவில்லை. தையில் முப்பது கோழி போச்சு. இப்போது ரெண்டும் செய்கிறேன்.

இயற்கைவழி:
அக்கா, ரெண்டும் செய்யுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். யாரும் தடுப்பூசியை விடச் சொல்லவில்லை.

கால்நடை மாணவி:
சிவகங்கை அக்கா சொன்ன பருப்புக்கீரை சாதாரணப்பட்டதல்ல. 1989இல் சிமோபூலோஸ் என்பவரும் சேலம் என்பவரும் (நம்ம சேலம் இல்லை, ஆள் பெயர்) கிரேக்கத்தில் மேய்ந்து திரியும் கோழிகளின் முட்டையில் ஒமேகா 3 கொழுப்பு அதிகம் இருப்பதைக் காட்டினார்கள். அந்தக் கோழிகள் மேய்ந்ததில் முக்கியமானது இந்தக் கீரைதான்.

தீவனத்தால் முட்டைக்குள் எது மாறும், எது மாறாது என்று தெரிந்துகொண்டால் பாதி விளம்பரம் உதிர்ந்துவிடும். கொழுப்பின் வகை மாறும், ஆளி விதை போட்டால் ஒமேகா 3 ஏறும். வைட்டமின் ஏ, டி, ஈ ஏறும். அயோடின், செலினியம் ஏறும். நிறமி ஏறும். புரத அளவு அவ்வளவாக மாறாது. கொலஸ்ட்ரால் மாறுவது மிகக் கடினம். ஒரு முட்டையில் 185 முதல் 200 மில்லிகிராம் இருக்கும். குஞ்சு உருவாக வேண்டிய பொருள் அது, கோழி அதை விட்டுக்கொடுக்காது. பூண்டு போட்டால் குறைந்தது என்றும் உண்டு, ஒன்றும் மாறவில்லை என்றும் உண்டு. அதை நம்பி பெட்டியில் அச்சடிக்க வேண்டாம்.

முட்டைக்கடை (கோவை):
பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு போட்டாலும் நிறம் மாறுமே, அது எந்த மூலிகையில் சேர்த்தி? ஒரு தடவை வந்த லோடில் நாலு நாள் கழித்து உடைத்தால் கரு பாசி நிறம். ஒரு அம்மா பாம்பு முட்டை என்று சத்தியம் செய்தார்.

தீவனக்கணக்கு:
பருத்திக்கொட்டையில் உள்ள கோசிபால் என்ற நச்சு செய்யும் வேலை. வெள்ளைக் கரு ரோஸ் ஆவதும் அதே பருத்திக்கொட்டையின் எண்ணெயால்தான். செடியிலிருந்து வந்தது எல்லாம் முட்டைக்கு நல்லதில்லை என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. சவுண்டல் இலையும் அப்படித்தான், நிறம் தரும், ஆனால் மைமோசின் என்ற நச்சு இருப்பதால் அளவு மீறினால் முட்டை குறையும்.

பரமத்திக்காரன்:
முருங்கை இலையையே 5 சதவீதம் போட்டால்? அரவக்குறிச்சியில் மாமா தோட்டம் இருக்கிறது, இலை சும்மா கிடைக்கும்.

தீவனக்கணக்கு:
5 சதவீதம் வரை கோழி தாங்கும், நிறமும் நன்றாக ஏறும். 10ஐத் தாண்டினால் தீவனம் எடுப்பதும் முட்டையும் குறையத் தொடங்கும். ஆனால் கணக்குப் போடுங்கள். உங்களுக்கு ஒரு நாளைக்கு 1.14 டன் தீவனம். 5 சதவீதம் என்றால் 57 கிலோ காய்ந்த பொடி. பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், ஆகத் தினமும் 250 கிலோ பச்சை இலை. பறிக்க, நிழலில் உலர்த்த, அரைக்க ஆள் யார்?

காவேரிக்கரை:
உலர்த்துவதுதான் ஆபத்து தம்பி. ஐப்பசி மழையில் யாரோ கொடுத்த இலைப் பொடி இருபது மூட்டை இறக்கினேன். வெளியே பச்சை, மூட்டை நடுவில் கையை விட்டால் கதகதப்பு. பூஞ்சை. நூறு கோழிக்கு 91 முட்டை என்று 91 சதவீதத்தில் ஓடிய பேட்ச் மூன்று வாரத்தில் 80க்கு வந்தது, கருவும் இன்னும் வெளுத்தது. நிறம் ஏற்றப் போட்டது நிறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து இலையோ சோளமோ, சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடைக் கல்லூரித் தீவன ஆய்வகத்தில் நச்சு பார்க்காமல் இறக்குவதில்லை.

(இந்த இடத்தில் இருந்த ஒரு விற்பனைப் பதிவு நீக்கப்பட்டது. கைபேசி எண்ணும் விலைப்பட்டியலும் இங்கே வேண்டாம். இழைக்கு உள்ளே வாதாடுவதானால் வரலாம். – மட்டுறுத்துநர்)

இயற்கைவழி:
எல்லாரும் சேர்ந்து மூலிகையே வேண்டாம் என்று முடித்துவிடுவீர்கள் போல. ஐரோப்பாவில் 2006இல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடுவதை நிறுத்தினார்கள். இங்கே 2019 ஜூலையில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்குக் கொடுப்பதைத் தடை செய்தார்கள். அதற்குப் பதில் என்ன போடுவது? ஓமத்தில் தைமால் என்ற கிருமிக்கொல்லி இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் ஓரிகானோ எண்ணெய் என்று விற்பதிலும் இதே வகைப் பொருள்தான். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருப்பதை அவன் புட்டியில் அடைத்து விற்றால் அறிவியல், நாம் போட்டால் பாட்டி வைத்தியமா?

தீவனக்கணக்கு:
இதில் உங்களோடு நான் நிற்கிறேன். குடல் கிருமியைக் கட்டுக்குள் வைக்க ஓமம், பூண்டு, இலவங்கம் போன்றவற்றுக்கு வேலை உண்டு. பலன் பண்ணைக்குப் பண்ணை மாறுகிறது. சுத்தமாக ஓடும் பண்ணையில் தெரியாது, குடல் கோளாறு உள்ள இடத்தில் தெரியும். என் சண்டை ஓமத்தோடு இல்லை. ஒரே பொடி ஓடு, கரு, வெள்ளை, கொலஸ்ட்ரால் நான்கையும் சரி செய்யும் என்பதோடுதான். நான்கும் நான்கு வேறு இடத்தில் நடக்கும் வேலை. அப்புறம், நல்ல மூலிகைக் கலவை விற்பவர் அதில் வேலை செய்யும் பொருள் எத்தனை சதவீதம் என்று பேட்ச் வாரியாகக் காகிதம் தருவார். அதைக் கேளுங்கள். நிறம் மிக வேகமாக, மிகச் சிவப்பாக ஏறினாலும் பயப்படுங்கள். 2006இல் சீனாவில் சிவப்புக் கரு வாத்து முட்டை என்று விற்றதில் சூடான் சாயம் (உணவில் சேர்க்கக் கூடாத சிவப்புச் சாயம்) பிடிபட்டது.

பரமத்திக்காரன்:
சரிங்க. சோளத்தை 450 ஆக்குகிறேன், செண்டுமல்லி இதழ்ப் பொடி சேர்க்கிறேன், கல்லில் பாதிக்கு மேல் குருணை, தீவனம் 5 மணிக்கு. ஆனால் அந்தப் பொடியையும் ஒருமுறை போட்டுப் பார்க்க ஆசை. டன்னுக்கு 350 ரூபாய், முட்டைக்கு 4 பைசாதான் வருகிறது.

கால்நடை மாணவி:
போட்டுப் பாருங்கள் அண்ணா, ஆனால் ஷெட் முழுக்கப் போட்டு முன்னே பின்னே ஒப்பிடாதீர்கள். இடையில் ஒரு கோடை மழை பெய்தால் பேர் பொடிக்குப் போய்விடும். ஒரு வரிசைக்குப் பொடி, அடுத்த வரிசைக்கு இல்லை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். வெயில் படும் ஓரம் முழுக்க ஒரு பக்கமாகிவிடக் கூடாது. முட்டை எடுக்கும் ஆளுக்கு எது எந்த வரிசை என்று தெரிய வேண்டாம். 1 கிலோ பொடியை நேராக டன்னில் கொட்டாமல் முதலில் 20 கிலோ தவிட்டில் கலந்து பிறகு சேர்க்கவும்.

ஓடு பார்க்க உப்புத் தண்ணீர் போதும். அடர்த்திமானி வைத்து 1.080 வரும்வரை உப்பு கரைத்து, அன்றைய முட்டையைப் போடுங்கள். மூழ்கினால் ஓடு கனம், மிதந்தால் மெலிசு. பக்கத்துக்கு முப்பது முட்டை போதாது, வாரம் குறைந்தது நூறு எடுங்கள். கரு நிறத்துக்கு 1 முதல் 15 வரை எண் போட்ட விசிறி அட்டை கிடைக்கும்.

முட்டைக்கடை (கோவை):
எழுதி வைத்து மறக்காமல் வந்து சொல்லுங்க. இங்கே பாதிப் பேர் கேள்வி கேட்டுவிட்டுக் காணாமல் போகிறார்கள்.

பரமத்திக்காரன் (ஆறு வாரம் கழித்து):
காணாமல் போகவில்லை!

மாணவி தங்கச்சி சொன்ன மாதிரியே வரிசை மாற்றிப் போட்டேன். கீறல் முட்டை இரண்டு பக்கமும் குறைந்தது. இப்போது மூன்று ட்ரேவுக்கு ஒன்று, சில நாள் இரண்டு. பொடி போட்ட வரிசைக்கும் போடாததற்கும் உப்புத் தண்ணீரில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வாரம் இந்தப் பக்கம் நாலு முட்டை கூடுதலாக மூழ்கும், அடுத்த வாரம் அந்தப் பக்கம். கரு விசிறியில் 5இல் இருந்து 8க்கு வந்தது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல. வியாபாரி பேசுவதை நிறுத்திவிட்டார், அது போதும். நடுவில் இரண்டு மழை பெய்தது. ஷெட் முழுக்கப் போட்டிருந்தால் பொடிதான் என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும். பொடி போட்ட வரிசைகளுக்கு அடியில் எச்சம் கொஞ்சம் இறுகலாக இருப்பதாக எனக்குப் பட்டது, ஈயும் குறைவு. எடுக்கும் பையனிடம் எதுவும் சொல்லாமல் கேட்டேன், அவனும் அதே வரிசைகளைக் காட்டினான். இதை எப்படி அளப்பது என்று தெரியவில்லை.

இயற்கைவழி:
நான் சொன்னேனா இல்லையா, குடல்!

தீவனக்கணக்கு:
இருக்கலாம், வெந்தயம் வழவழப்பானது. எச்சத்தை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் எடுத்து எடை போட்டு, வெயிலில் காய வைத்து மறுபடி எடை போடுங்கள். ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

பரமத்திக்காரன்:
கம்பெனி ஆள் நேற்று வந்தார். முட்டையில் மாற்றம் இல்லை, எச்சத்தில் இருக்கலாம் என்று நோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த முறை 5 கிலோ இலவசமாகத் தருகிறேன், எச்சத்தை அளந்து தாருங்கள் என்று கேட்கிறார்.

காவேரிக்கரை:
வாங்கி வை. ஆடிக் காற்றில் வேண்டாம், எல்லா எச்சமும் காய்ந்துதான் கிடக்கும். ஐப்பசி மழையில் போடு. இந்தத் தடவை பொடி போட்ட வரிசைக்குப் போடாதே, மற்ற வரிசைக்குப் போடு.